நரி முதலா, வௌவால் முதலா

மார்ச் 13, வெள்ளி. இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. செவ்வாய்க்கிழமை வேலைத்தாளை நல்ல கையெழுத்தில் திருப்பி எழுதிவிட்டு அசலைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். அசலின் ஓரத்தில் நேரம் குறித்திருந்தேன். புதிய தாளில் நேரத்துக்குக் கட்டம் இல்லை, ஆகவே எழுதவில்லை. மற்றபடி தாள் சுத்தமாக இருக்கிறது.

1

இந்தக் கதை மேலே உள்ள குறிப்பிலிருந்து பிறந்தது. வேறு பூர்வீகம் இதற்கு இல்லை. கனவில் வந்தது, ரயிலில் பார்த்த முகம் துரத்தியது என்றெல்லாம் கதை எழுதப் பழகும் மாலை வகுப்பில் மற்றவர்கள் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னைத் துரத்துவது ஒரு குப்பைக்கூடை.

"சிறு" என்ற சொல்லை இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவை திரும்ப எழுதினேன். இப்போதைக்கு இருக்கட்டும்.

கதையில் வருபவளை "அவள்" என்று சொல்லப்போகிறேன். அது நான்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. முதலில் "நான்" என்று வைத்துத்தான் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் நான் ரொம்ப நல்லவளாக வந்தேன். ஒரு வரைவில் அழக்கூடச் செய்தேன். இன்று நான் அழவில்லை. தண்ணீர் குடித்தேன். ஆகவே "அவள்".

2

தொடக்கங்கள்.

"கோடிக்கணக்கான ஆண்டுகளாக வௌவால்கள் தலைகீழாகத் தொங்கியபடி, தங்கள் உடலுக்குள் எத்தனையோ வைரஸ்களை..."

நிறுத்திவிட்டேன். கோடி ஆண்டுக்கு முன்னால் தொடங்கினால் செவ்வாய்க்கிழமைக்கு எப்போது வந்து சேர்வது?

"பட்டப்பகலில் அந்த நரி தள்ளாடியபடி கருவிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, அதன் கண்களில்..."

அதன் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் வந்தபோது அவை மூடியிருந்தன.

"மேசையில் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். மற்றதைத் தூக்க இரண்டு விரல் போதும்."

இது உண்மை. இங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் "ஒன்று", "மற்றது" என்று எழுதிய உடனே ஒரு வரிசை வந்து உட்கார்ந்துவிடுகிறது. வழக்கே வரிசையைப் பற்றித்தான். எழுதுகிறவள் முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

3

அவள் ஒரு விலங்குநோய் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். வெறிநோய் என்று சந்தேகப்பட்டால் விலங்கின் தலை மட்டும் அவளிடம் வரும். பின்பக்க அறையில் கண்ணாடி முகப்பு வைத்த உலோகப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே காற்றை உறிஞ்சும் விசிறி. அதற்குள் கைகளை விட்டுத்தான் மண்டையைத் திறக்க வேண்டும், மூளையிலிருந்து துண்டு எடுக்க வேண்டும். இரட்டைக் கையுறை, முகக் கண்ணாடி, ரப்பர் ஏப்ரன். அவளுக்கு மூன்று தடுப்பூசிகள் போட்டுத்தான் வேலைக்கே எடுத்தார்கள்.

திங்கட்கிழமை. ஒரு வனக்காவலர் தன் கருவிக் கொட்டகையைத் திறந்தார். மூலையில் நரி. ஆளைக் கண்டால் ஓட வேண்டிய நரி ஆளை நோக்கி வந்து அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் கடித்தது. அரை மணியில் தானாகவே செத்தது. அவர் விவரமானவர். கையைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார், அன்றைக்கே முதல் ஊசி போட்டுக்கொண்டார். கொட்டகைக் கூரையில் வௌவால்கள் அடைவது வழக்கம். தரையில் ஒன்று செத்துக் கிடந்தது. அதையும் தனி உறையில் போட்டு நரித்தலையோடு அனுப்பிவைத்தார். "இதையும் சேத்துப் பாத்துடுங்க" என்று சீட்டு.

[இந்த வௌவாலை அவர் அனுப்பாமல் இருந்திருந்தால் கதையே இல்லை. நரி மட்டும் வந்திருக்கும், முடிவு வந்திருக்கும், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அதிலேயே தெரிந்திருக்கும். கூடுதல் அக்கறையால் வந்த வினை. என்னுடைய சுத்தமான கையெழுத்தும் அந்த வகைதான்.]

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவள் இரண்டையும் வெட்டினாள். ஒவ்வொரு விலங்குக்கும் புதுக் கத்தி என்பது விதி. மாற்றினாள், பழைய கத்திகள் இரண்டும் கழிவு டப்பாவில் இருந்தன. இடுக்கியையும் மாற்ற வேண்டும். மாற்றினாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

வெட்டும்போதே குறிப்பெழுதும் தாளுக்கு அங்கே "கிறுக்கல் தாள்" என்று பெயர். அதில் நேரம் இருக்கும், அடித்தல் இருக்கும், சில சமயம் கறை இருக்கும். பிறகு நல்ல தாளில் எழுதி, கிறுக்கலை அதன் பின்னால் பின் அடிக்க வேண்டும். அவளுக்கு அது பிடிக்காது. விருந்தாளி வந்திருக்கும்போது துவைக்காத துணியை நடுக்கூடத்தில் போட்டுவைப்பது போலத் தோன்றும். செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு, வகுப்புக்குக் கிளம்பும் முன், மாதிரி எண் வரிசைப்படி அழகாக எழுதினாள். 41, நரி. 42, வௌவால். "கருவி மாற்றப்பட்டது" என்ற கட்டத்தில் இரண்டு டிக். பிறகு கிறுக்கலைக் கிழித்துத் தொற்றுக்கழிவுக் கூடையில் போட்டாள். அது புதன் காலை எரிந்துவிட்டது.

எண் வரிசை என்பது பெட்டியைப் பிரித்தபோது கைக்கு வந்த வரிசை. வெட்டிய வரிசை அல்ல.

4

இங்கே ஒரு விளக்கம் தேவை. கட்டுரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாய்வெறி வைரஸுக்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள் பல உண்டு. அநேகமாக எல்லாம் வௌவால் வீட்டில் குடியிருப்பவை. வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன் என்பார்கள். இவை அந்த மாதிரி விருந்தாளிகள், வந்து தங்கியே விட்டவை. எப்போதாவது ஒன்று வேறு காட்டு விலங்கின் உடம்புக்குத் தாவும். பெரும்பாலும் அந்த ஒரு விலங்கோடு கதை முடிந்துவிடும். அபூர்வமாக முடியாமல், புது இனத்திலேயே குடித்தனம் தொடங்கிவிடும். அது எந்தத் தடவை என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை.

ஆய்வகத்தில் இரண்டு சோதனைகள். முதலாவதில், வைரஸ் இருந்தால் நுண்ணோக்கியின் அடியில் பச்சைப் புள்ளிகள் ஒளிரும். அது குடும்பச் சாடையைப் பார்க்கும் சோதனை. அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் யார் வந்தாலும் ஒளிரும். இரண்டாவது சோதனை ஒரே ஒரு ஆளின் அடையாள அட்டையைக் கேட்கும்: நீதானே நாய்வெறி வைரஸ்?

புதன்கிழமை: வௌவால் ஒளிர்ந்தது. நரியும் ஒளிர்ந்தது, சற்றுக் குறைவாக.

வியாழக்கிழமை: இரண்டாவது சோதனையில் இரண்டுமே "நான் அவனில்லை" என்றன.

வௌவாலில் இருந்தது ஒன்றுவிட்ட சொந்தம் என்பது சரி. நரியில் ஒளிர்ந்தது? ஒன்று, வைரஸ் கொட்டகையில் வௌவாலிலிருந்து நரிக்குத் தாவியிருக்க வேண்டும். அல்லது ஆய்வகப் பெட்டிக்குள், வௌவாலைத் தொட்ட இடுக்கியின் நுனியில் உட்கார்ந்து தாவியிருக்க வேண்டும். முதலாவது நடந்திருந்தால் அது ஒரு மனிதரின் உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது நடந்திருந்தால் கழுவாத இடுக்கி சம்பந்தப்பட்டது. நரியை முதலில் வெட்டியிருந்தால் இரண்டாவது நடந்திருக்கவே முடியாது.

நரியின் மூளையில் மிச்சம் உறைபெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து வைத்ததும் அதே இடுக்கிதான். ஆழத்திலிருந்து துண்டெடுத்துப் பார்க்கப் பெரிய ஆய்வகத்துக்கு எழுதிவிட்டார்கள். பதில் வர மூன்று வாரம்.

அதற்குள் வியாழன் பிற்பகலே அறிக்கை போய்விட்டது. "நாய்வெறி வைரஸ் இல்லை." ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அன்றைக்கு இரண்டாவது ஊசி போட வேண்டிய வனக்காவலர் அதைப் படித்துவிட்டுப் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

5

இப்போது டாக்டர் வருகிறார். ஆய்வகத்தின் பொறுப்பாளர். எதற்கெடுத்தாலும் "நிதானமா" என்பார். ஆகவே அவருக்குப் பின்னால் எல்லோரும் "நிதானம்" என்றே சொல்வார்கள். இவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும். முயன்றேன். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கிற ஆளைக் கெட்டவராக்க வரவில்லை.

இன்று காலை அவர் கோப்பை மூடுவதற்காக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்: நரி மாதிரியில் தெரிந்த ஒளி, வௌவால் மாதிரியிலிருந்து ஒட்டியது.

"அந்தக் கிறுக்கல் தாளைக் கொண்டாம்மா."

"நல்லபடியா எழுதி ஃபைல்ல வெச்சிருக்கேன் சார்."

"நல்லது இருக்கட்டும். கிறுக்கலைக் கேட்டேன்."

"கிழிச்சுட்டேன் சார்."

"ஏன்?"

"அடிச்சுத் திருத்தி அசிங்கமா இருந்துச்சு."

"உன் கல்யாணப் பத்திரிகையாம்மா அது, அழகா இருக்கறதுக்கு?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நிதானமா யோசி. வௌவால்தானே முதல்ல?"

"தெரியலை சார்."

"வௌவாலாத்தான் இருக்கும். சின்ன சாம்பிள், சீக்கிரம் காஞ்சுடும். எல்லாரும் அதைத்தான் முதல்ல எடுப்பாங்க."

"எல்லாரும் எடுப்பாங்க சார். நான் எடுத்தேனான்னுதான் தெரியலை."

"இந்த ரெண்டு டிக்கைப் பாரு. ஒரே சாய்வு, ஒரே இழுப்பு. ரெண்டையும் ஒரே மூச்சுல போட்டிருக்க."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி இரண்டு டிக்கையும் பார்த்தாள்.

"நீதான் டைரி எழுதுறவளாச்சே. அதுல என்ன இருக்குன்னு பாரு."

6

நாட்குறிப்பில் இருந்தது இது. செவ்வாய் மாலை வகுப்பில், பயிற்சியாக எழுதியது.

(அடிக்கப்பட்ட வரி) முதலில் நரி. பிறகு வௌவால்.

(அடிக்கப்படாத வரி) முதலில் வௌவால். கை நடுங்கியது. பிறகு நரி.

அவள் பக்கத்தில் உட்காருபவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வகுப்பில் எல்லோருக்கும் "லிஃப்ட் அண்ணன்". செவ்வாயன்று முதல் வரியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னம்மா இது, புலியை அடிச்சுட்டு எலியை அடிக்கப் போற மாதிரி இருக்கு. சின்னதுல ஆரம்பிச்சுப் பெருசுக்குப் போ. எந்த லிஃப்டும் தரைத்தளத்துலேருந்துதாம்மா மேல போகும்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. மாற்றினாள். மாற்றிய கையோடு "கை நடுங்கியது" என்பதையும் சேர்த்தாள். கை நடுங்கவில்லை. அவளுக்குக் கை நடுங்காது. அதனால்தான் அந்த வேலை கிடைத்தது.

அப்படியானால் அடிக்கப்பட்ட வரிதான் உண்மை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் கால் மணி நேரம் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த வரியை எழுதும்போது அவள் மண்டையில் இருந்தது எது? வெட்டிய மேசையா, அரை மணி நேரத்துக்கு முன்னால் அழகாக எழுதி முடித்த தாளா? 41, நரி. 42, வௌவால். அந்தத் தாளைப் பார்த்துக் காப்பியடித்த வரியாகவும் அது இருக்கலாம்.

[இவளை நம்பலாமா என்று ஒரு பகுதி எழுதுவதாக இருந்தேன். தேவையில்லை என்று தோன்றுகிறது. ஒரே நாளில் இரண்டு இடத்தில் எழுதி, இரண்டு இடத்திலும் திருத்தி, நடந்ததை மட்டும் எங்கேயும் வைக்காமல் வந்த ஒருத்தியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.]

அவள் டாக்டரிடம் போய், "டைரியிலயும் தெளிவா இல்லை சார்" என்றாள்.

"அப்ப விடு. வௌவால்னே போட்டுக்கறேன். குறிப்பு திங்கக்கிழமை போகட்டும்." மூன்று மணிக் கூட்டத்துக்கு அவர் கிளம்பிவிட்டார்.

7

நான்கு மணிக்கு அவள் வனக்காவலரிடம் தொலைபேசியில் பேசினாள். யாரும் சொல்லிப் பேசவில்லை.

அவர் உற்சாகமாக இருந்தார். "நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்பாங்க. நான் நரி வாயிலயே முழிச்சிருக்கேன் மேடம். அதான் ரிப்போர்ட்டு இல்லைன்னு வந்துடுச்சு!"

"சார், ஊசி ரெண்டாவது போட்டீங்களா?"

"எதுக்கு? நீங்கதானே இல்லைன்னு எழுதினீங்க?"

அவள் முறையாக விளக்கத் தொடங்கினாள். குடும்பச் சாடையைச் சொன்னாள். அடையாள அட்டையைச் சொன்னாள். இடுக்கியைச் சொன்னாள். வரிசை ஏன் முக்கியம் என்று சொன்னாள், கிறுக்கல் தாளைச் சொன்னாள். நாட்குறிப்பில் இரண்டு வரி இருப்பதைச் சொல்லி, முதல் வரியும் ஏன் சந்தேகத்துக்குரியது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மறுமுனையில் வேறொரு குரல், "அந்தப் போனை இப்படிக் குடுங்க" என்றது.

"நான் இவர் வீட்டுக்காரிம்மா. ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, நீங்க எதை முதல்ல வெட்டினா என்ன? இவருக்கு ஊசி போடணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

கேள்வி அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"போடணும்க்கா."

"இதைச் சொல்லவா இருபது நிமிஷம்?"

"வரிசை தெரியாததால..."

"தெரியாதுன்னா போடணும். அவ்வளவுதானே? வீட்ல பால் கெட்டுதா இல்லையான்னு தெரியலைன்னா யாராவது குடிச்சுப் பாப்பாங்களா?"

பின்னால் வனக்காவலர், "நான் பாப்பேன்" என்றார்.

"அவரு பாப்பாரு" என்றாள் மனைவி. "அதான் நான் கூட இருக்கேன்."

பத்து நிமிடத்தில் அந்த அம்மாவே திரும்ப அழைத்தாள். குரலில் கேலி இல்லை. ஊசி போடும் இடத்தில் கேட்டிருக்கிறாள். ஆய்வக அறிக்கை "இல்லை" என்று கணினியில் ஏறிவிட்டதாம். அதைத் தொலைபேசிப் பேச்சை வைத்து மாற்ற முடியாதாம். ஆய்வகத் தாளில், டாக்டர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும். இருக்கிற மருந்து கொஞ்சம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

"ஞாயிறு லீவு. திங்கள்னா ஒரு வாரம் ஆயிடும்" என்றாள். பிறகு, மெதுவாக, "இவருக்கு அந்தக் கை காலையிலேருந்து மதமதன்னு இருக்காம். சும்மா இருக்குமோ என்னமோ. நீங்க கடிதம் குடுத்துடுங்க தங்கச்சி."

8

ஆகவே கடிதம் எழுத வேண்டும். ஒரு கடிதத்துக்கு மூன்று வரைவு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் வரைவு: "வௌவால் மாதிரியே முதலில் வெட்டப்பட்டது. எனினும் முன்னெச்சரிக்கையாக..." டாக்டர் நாளையே, நிதானமாக, கையெழுத்துப் போடுவார். ஊசி போடும் இடத்தில் "எனினும்" என்ற சொல்லை யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாம் வரைவு: "நரி மாதிரியே முதலில் வெட்டப்பட்டது." இதுதான் அருமையான வரைவு. ஒட்டியது என்ற பேச்சே எழாது. வௌவாலிலிருந்து நரிக்குத் தாவிய வைரஸ் என்று டாக்டர் ஓடிவந்து கையெழுத்திடுவார்; கட்டுரை எழுதுவார், என் பெயரும் கடைசியில் வரும். வனக்காவலருக்கு ஊசி உடனே கிடைக்கும். கிழிந்த தாளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றும் பொய். இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் (பார்த்துக்கொண்டிருந்தாள்). பிறகு யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாள், நரிகளுக்குள் இது பரவுகிறதா என்று தேடப் புறப்படுவார், இந்த வரியை நம்பி. அல்லது இந்த ஒரு வரி பொய் என்று தெரிந்து, அடுத்த தடவை உண்மையிலேயே தாவும்போது எங்கள் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாம் வரைவு, முழுமையாக:

"நரி, வௌவால் ஆகிய இரு மாதிரிகளும் ஒளிச் சோதனையில் வெறிநோய்க் குடும்ப வைரஸ் இருப்பதைக் காட்டின. அவை வெட்டப்பட்ட வரிசை தெரியவில்லை. வரிசை குறித்த அசல் தாளை நான் கிழித்துவிட்டேன். ஆகவே நரியில் வைரஸ் இருந்ததாகவே கருதி, கடிபட்டவருக்கு மீதி ஊசிகளைப் போட வேண்டும். முந்தைய அறிக்கையை இதற்குத் தடையாகக் கொள்ள வேண்டாம்."

இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; லிஃப்ட் அண்ணன் இப்போதுதான் எட்டிப் பார்த்தார். "கதையாம்மா?"

"கடிதம்ண்ணே."

படித்தார். "கிழிச்சுட்டேன்கறதை எடுத்துடேன். 'கிடைக்கவில்லை'ன்னு போடு. கௌரவமா இருக்கும்."

நல்ல திருத்தம். அவர் சொல்கிற திருத்தமெல்லாம் நல்ல திருத்தம்தான். எடுக்கவில்லை.

9

முடிவு கேட்பீர்கள். என்னிடம் இருப்பவை:

(அ) பெரிய ஆய்வகத்தின் பதில் வருகிறது: நரியின் ஆழத்திலும் அதே வைரஸ். வனக்காவலர் ஊசிகளை முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் புதுக் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

(ஆ) பதில் வருகிறது: நரி சுத்தம், எல்லாம் இடுக்கி. வனக்காவலருக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். "இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்கிறார். மனைவி அவரை அதட்டுகிறாள். என் கோப்பில் ஒரு சிவப்புக் குறிப்பு.

(இ)

இதை எழுதவில்லை. அந்தக் கை ஏன் மதமதப்பாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெறிநோய் தொடங்குவதும் அப்படித்தான்; ஊசியினாலும் இருக்கலாம், கடித்த காயம் ஆறுவதாலும் இருக்கலாம். இந்தக் குடும்பத்து வைரஸ்களில் தூரத்துச் சொந்தங்களை இந்த ஊசி எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நீங்கள் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாசகருக்கு அந்த உரிமை உண்டு, எனக்கு இல்லை. நான் ஏற்கெனவே நடந்த ஒன்றுக்கு வரிசை கொடுத்து மாட்டிக்கொண்டவள். நடக்காததற்குக் கொடுக்க மாட்டேன்.

டாக்டர் கையெழுத்துப் போடுவாரா என்பதும் இதில் சேரும்.

நாளை, சனி. எட்டரை மணிக்கு டாக்டர் அறை வாசலில் நிற்க வேண்டும். மூன்றாம் வரைவு, இரண்டு படி. ஒன்பதுக்குள் கையெழுத்து, முத்திரை. படமெடுத்து வனக்காவலரின் மனைவிக்கு அனுப்ப வேண்டும். பிறகு அசலை எடுத்துக்கொண்டு பேருந்தில் நானே போய், பதினொரு மணிக்குள் ஊசி போடும் இடத்தில் கொடுக்க வேண்டும்.